பௌர்ணமியில் பார்க்காத வீடு

அத்தியாயம் 14

கியெம் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. நாற்பது வருஷம் சைகோன் பாலத்தடியில் டயருக்குப் பஞ்சர் ஒட்டியவர். ரோட்டில் ஆணி தானாக வந்து விழுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். தரகன் சிரித்தால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். வங்கியில் இருக்கிற பெண் தேநீர் கொடுத்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் போன வாரம் அந்த நாட்டுக் காசான டாங்கில் இருபது கோடி முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார். ஞா பே என்கிற பகுதியில், கால்வாய் ஓரத்து சந்துக்குள், வரிசையாக எட்டு வாடகை அறைகள். நாளைக் காலை எட்டு மணிக்குப் பத்திர அலுவலகத்தில் கையெழுத்து. மீதிப் பணத்தில் பாதி அவருடைய சேமிப்பு. மறுபாதிக்காக, குடியிருக்கும் வீட்டின் பட்டா வங்கியில் போய் உட்கார்ந்திருக்கிறது. எட்டு அறையிலும் ஆள் இருந்தால் தவணை கட்டிவிடலாம். அறைகள் காலியானால் இருக்கிற வீடும் போகும்.

வாங்குகிறவர் பின்வாங்கினால் முன்பணம் போச்சு, விற்கிறவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தரவேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. அந்த ஊரில் எல்லாச் சீட்டிலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

சும்மா கொடுத்துவிடவில்லை. நாலு தடவை போய்ப் பார்த்தார். சில்லறைக் காசால் சுவர் முழுக்கத் தட்டினார். எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு நின்றார். கூரையில் ஏறினார். மின்சார மீட்டர்களை எண்ணினார். ப்ளக் பாயிண்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தது. குழந்தைகள் கை வைக்காமல் இருக்க எவனோ யோசித்து வைத்திருக்கிறான் என்று மெச்சிக்கொண்டார். எட்டாம் அறையில் பூட்டுத் தொங்கியது. "அவன் ஊருக்குப் போயிருக்கான் மாமா" என்றான் தரகன் ஹுங்.

"எல்லாம் பார்த்தீங்க. அங்க குடியிருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா அப்பா?" என்றாள் மகள் லியென். ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறவள்.

"வாடகைக்கு இருக்கிறவன் எவன் உண்மை சொல்லியிருக்கான்? வீட்டை வாங்கப் போறேன்னு சொன்னா, ஒழுகுது, எலி இருக்கு, பேய் இருக்குன்னு கதை விடுவான். வாடகையைக் குறைக்கணுமில்ல?"

"நீங்களே எல்லாம் தெரிஞ்சவரு" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். மூன்று நாளாக அப்பாவிடம் பேச்சில்லை.

இன்று சந்திர நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்துப் பௌர்ணமி.

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கியெம்மிடம் ஒரு சட்டம் உண்டு. காலையில் கோயில், நாள் முழுக்க மரக்கறிச் சாப்பாடு. பணத்தைத் தொடமாட்டார். வாங்குவது, விற்பது, விலை கேட்பது, போய்ப் பார்ப்பது எதுவும் கிடையாது. கடை வைத்திருந்த காலத்தில் அந்த இரண்டு நாளும் டயர் ஒட்டிக் கொடுத்துவிட்டு, காசை மறுநாள் கொண்டுவரச் சொல்வார். பாதிப் பேர் கொண்டுவந்ததில்லை. அப்போதும் சட்டத்தை விடவில்லை. மனுஷனை நம்பாதவர், காலண்டரை மட்டும் நம்பினார்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவர் மனைவி ஹோவாய் ஒரு கூடையை எடுத்தாள். சாமந்திப் பூ, நாலு வகைப் பழம், கொஞ்சம் அரிசி, உப்பு, ஒரு கட்டு ஊதுபத்தி.

"எங்க கிளம்பிட்ட?"

"ஞா பேக்கு. நாளைக்கு அந்த மண்ணு நம்மளுது ஆகப்போவுது. இன்னிக்கு நல்ல நாள். அங்க இருக்கிற பூமி சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்க வேண்டாமா?"

"இன்னிக்கு நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்னு உனக்குத் தெரியாது?"

"வியாபாரத்துக்கா கூப்பிடுறேன்? சாமி கும்பிடக் கூப்பிடுறேன். முப்பத்தெட்டு வருஷமா உங்க சட்டத்துக்கு நான் அடங்கிப் போறேன். இன்னிக்கு ஒரு நாள் என் சட்டத்துக்கு வண்டி ஓட்டுங்க."

கியெம் வண்டியை எடுத்தார்.

சந்து முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. ஆனால் பாலத்துச் சரிவில் பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. மாட்டுச் சந்தையில் மாடு கட்டின மாதிரி.

"என்ன, இங்க எதாவது கல்யாணமா?" என்றாள் ஹோவாய்.

கியெம்மின் பார்வை சந்துக்குள் போய்விட்டது. சந்து பளபளத்தது. சாக்கடை மூடியின் ஓட்டைகள் வழியாக, கொதிக்கிற பானையிலிருந்து வழிவதுபோல, கருந்தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. தலையில் கூடையோடு ஹோவாய் பின்னால் வந்தாள்.

அறை வாசல்களில் யாரும் பதறவில்லை. ஒருத்தன் சோறு வடிக்கும் குக்கரைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஒருத்தி கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தாள், தினமும் கோலம் போடுகிறவள் மாதிரி, பார்க்காமலே. மூன்றாம் அறையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கால்களைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. நீங்கதானே புது வீட்டுக்காரர்? சுவத்தையெல்லாம் காசால தட்டினவரு?"

"இது... இது எப்பேர்ந்து?"

"எப்பேர்ந்துன்னா? நான் வந்தே ஏழு வருஷம். ஒன்பதாம் மாசத்துலேர்ந்து பதினொண்ணாம் மாசம் வரைக்கும் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் ஏறும், கால்வாய் ஏறும், நாங்களும் பரண் ஏறுவோம். ரெண்டு மூணு நாள். சாயங்காலம் ஏறும், ராத்திரிச் சோத்துக்குள்ள இறங்கிடும்." அவள் பெயர் மூய். பாலத்து முனையில் காலையில் சோறு விற்கிறவள். "அடுத்த மாசம் இதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? நாலு தடவை வந்தீங்க. நாலு தடவையும் என்னைத் தாண்டிப் போய் மீட்டரைத்தானே பார்த்தீங்க? மீட்டர் சொல்லுமா?"

ஹோவாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கவா அழுகையை மறைக்கவா என்று தெரியவில்லை.

நெஞ்சு உயரத்து ப்ளக் பாயிண்ட். முழங்கால் வரைக்கும் மட்டும் புதிதாக அடித்திருந்த பெயிண்ட். ஆறாம் அறையில் சிமெண்டுக் கட்டை மேல் நின்ற ஐஸ் பெட்டி. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எதுவும் அவருக்குச் சொல்லவில்லை.

ஹுங்குக்குப் போன் போட்டார்.

"அடேய், இங்க தண்ணி நிக்குதுடா! ஏண்டா மறைச்ச?"

"ஐயோ மாமா, நான் எங்க மறைச்சேன்? என்னிக்கு வர்றீங்கன்னு நாலு தடவையும் உங்களைத்தான் கேட்டேன். சந்திரக் கணக்குல எட்டாம் தேதின்னீங்க, இருபத்திரெண்டுன்னீங்க. பௌர்ணமி, அமாவாசை பக்கம் வாயைத் திறக்காதேன்னு நீங்கதானே திட்டினீங்க? நான் என்ன பண்ணட்டும்?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா மாமா?"

கியெம் போனை அணைத்தார். திருட்டுப் பயல்தான். ஆனால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. தண்ணீர் வராத நாளாகப் பார்த்துப் பார்த்துத் தேதி குறித்தது ஹுங் இல்லை.

மூயின் நாற்காலியை வாங்கிப் போட்டு உட்கார்ந்தார். "முன்பணம் போகட்டும். விட்டுடுவோம். எனக்கு அறுபத்தாறு வயசாச்சு. இன்னொரு தடவை இருபது கோடி சேர்க்க முடியாது, ஆனா வீடாவது மிஞ்சும்."

"கொஞ்சம் இருங்க" என்றாள் ஹோவாய். கூடையை ஒரு முக்காலி மேல் வைத்து, பழத்தை அடுக்கி, ஊதுபத்தி ஏற்றினாள். தண்ணீரில் நின்றபடியே மூன்று தடவை குனிந்தாள். பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

இருபது நிமிஷத்தில் லியென் வந்தாள். பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க. 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவள் சொல்வாள் என்று கியெம் காத்திருந்தார். கேட்டுக்கொள்ளத் தயாராகத் தலையைக்கூடக் குனிந்துகொண்டார்.

அவள் சொல்லவில்லை. போனில் தண்ணீரைப் படம் பிடித்தாள். ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பிடித்தாள். திரும்பி வந்து, "அப்பா, இங்க ஒண்ணு பாருங்க. வெளியில தண்ணி வாசப்படிக்கு ரெண்டு விரக்கடை கீழதான் இருக்கு. ஆனா உள்ள நிக்குது. எப்படி?" என்றாள்.

கியெம் தலையை உயர்த்தினார்.

அறுபத்தாறு வயசுக்கு அவர் மண்டையில் பள்ளிக்கூடத்துப் பாடம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டை அவருக்குத் தெரியும். காற்றடித்த ட்யூப் எல்லாமே காய்ந்து கிடக்கும்போது நல்ல ட்யூப்தான். தொட்டித் தண்ணீரில் அமுக்கும்போதுதான் அது எங்கே ஊதுகிறது என்று காட்டும். நாலு தடவை இந்த வீட்டைக் காய்ந்த ட்யூபாகப் பார்த்திருக்கிறார். இன்றைக்குத்தான் அது தொட்டியில் கிடக்கிறது.

எழுந்து மூயின் அறைக்குள் போனார். பின்னால், ஓர் ஆள் நிற்கிற அளவு குளியலறை. தரையில் தண்ணீர் போகிற ஓட்டை. அதிலிருந்து குமிழி குமிழியாகத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது.

"இது வழியாத்தான் வருது. சந்து வழியா இல்ல."

"அது எங்களுக்கும் தெரியுமண்ணே" என்றாள் மூய். "துணி வச்சு அடைச்சுப் பார்த்தாச்சு. துணி ஊறி, தள்ளிக்கிட்டு வந்துடும்."

"துணி அடைக்காது. லியென், வண்டி சீட்டுக்கு அடியில என் பை இருக்கு. எடுத்துட்டு வா."

கடையை விட்டு ஆறு வருஷம் ஆகியும் அந்தப் பையை அவர் விட்டதில்லை. கத்தரி, பழைய லாரி ட்யூப் துண்டு, உரசுகிற அரம். ட்யூபை வட்டமாக வெட்டினார். ஓட்டைமேல் வைத்தார். அதற்குமேல் மூயின் பெயிண்ட் டப்பா மூடி. அதற்குமேல் இரண்டு செங்கல்.

குமிழி நின்றது.

மூய் முறத்தால் தண்ணீரை வாசலுக்குத் தள்ளினாள். தள்ளின தண்ணீர் திரும்பி வரவில்லை. அவள் முறத்தைப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏழு வருஷமா இந்த ரப்பர் எங்கண்ணே இருந்துச்சு?"

"பாலத்தடியில. நீ பஞ்சர் ஒட்ட வந்திருந்தா குடுத்திருப்பேன்."

"தண்ணி இறங்கற வரைக்கும் குளிக்க முடியாதே?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டான் குக்கரை ஏற்றியவன்.

"நீ மட்டும் தினம் குளிக்கிறியாக்கும்" என்றாள் மூய். சந்து சிரித்தது.

ஆறரை மணிக்குள் ஏழு அறைகளை அடைத்துவிட்டார். முட்டி வலித்தது, சட்டை நனைந்தது. லியென் வட்டம் வெட்டிக் கொடுத்தாள், ஹோவாய் செங்கல் எடுத்துக் கொடுத்தாள். இடையில் மூய் கேட்டுவிட்டாள்: "வீட்டை வாங்கினா வாடகையை ஏத்துவீங்களாமே? ஹுங் சொன்னான்."

ஏற்றுவதாகத்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார். "தண்ணி நிக்கிற வீட்டுக்கு எந்த மடையன் வாடகை ஏத்துவான்? முதல்ல தண்ணி வர்றது நிக்கட்டும்."

"இது இன்னிக்குத் தண்ணிப்பா" என்றாள் லியென் மெதுவாக. "அடுத்த மாசம் வாசப்படியைத் தாண்டினா? ஓட்டைக்கு, தண்ணி வெளிய மட்டும் போற ஒருவழி மூடி போடணும், வாசப்படியை உசத்தணும். அந்தச் செலவு விலையில குறையணும்." கொஞ்சம் நிறுத்தி, "நாம என்ன பண்ணலாம்பா?" என்று கேட்டாள்.

'நீங்க என்ன பண்ணப்போறீங்க' என்று அவள் கேட்கவில்லை. கியெம் காதில் அந்த 'நாம' விழுந்தது.

அறைகளை விற்கிற வீட்டுக்காரி சுவான் அம்மாளுக்குப் போன் போடுவதற்கு முன் அவர் ஒரு நிமிஷம் ஊதுபத்தியைப் பார்த்தார். ஹோவாய் புரிந்துகொண்டாள். "பேசுங்க. சாமி பார்க்கட்டும். அதுவும் தண்ணியிலதானே நிக்குது?"

"அக்கா, கியெம் பேசறேன். பௌர்ணமியன்னிக்கு நான் பணம் பேசமாட்டேன். இன்னிக்குப் பேசறேன். உங்க வீட்டு வாசல்ல நின்னுட்டுப் பேசறேன், கணுக்கால் தண்ணியில."

மறுமுனையில் பேசியது எழுபது வயசுக் கிழவி.

"தம்பி, நீ இன்னிக்கு வரமாட்டேன்னு ஹுங் சொன்னானே."

"வந்துட்டேன். முன்பணத்தை விட்டுட்டு ஓடலாம்னு நெனச்சேன். ஓடல. ஆனா நாளைக்குக் கையெழுத்துக் கிடையாது. பத்தாம் மாசம் அமாவாசை, சாயங்காலம் அஞ்சு மணி. நீங்களும் வாங்க, இதே இடத்துல நிப்போம். தண்ணி வாசப்படியைத் தாண்டலைன்னா பேசின விலை. தாண்டினா, தரையை உசத்தற செலவைக் கழிச்சுட்டுத் தருவேன். உங்களுக்கு இஷ்டமில்லைன்னா சொல்லுங்க, என் பொண்ணு எடுத்த படத்தை அடுத்து வாங்க வர்றவனுக்கு நானே காட்டறேன்."

"மிரட்டறியா?"

"வாங்கறேங்கறேன்க்கா. இதைத் தண்ணியில பார்த்துட்டு வாங்கறேன்னு வேற எவன் சொல்லியிருக்கான்?"

கிழவி சிரித்தாள். இருமல் கலந்த சிரிப்பு. "பதினோரு வருஷமா அந்த நாள்ல வாங்க வர்றவங்க யாரையும் வரவிடாம ஓட்டிட்டேன். எனக்கும் அலுத்துப்போச்சு. சரி தம்பி. அமாவாசைக்கு வர்றேன். உன் பொண்ணை ஒரு சீட்டு எழுதி அனுப்பச் சொல்லு, என் பேத்தி படிச்சுக் காட்டுவா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

லியென் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹோவாய் பழத்தட்டைப் பார்த்து இன்னொரு தடவை குனிந்தாள். கியெம் நெஞ்சில் ஒரு வாரமாக இறுகியிருந்த நட்டு ஒன்று கழன்றது. மூன்று நாள் பேசாதிருந்த மகள் அவர் சட்டை ஈரத்தைப் பிழிந்துவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு மட்டும்" என்றார். "ஏழு ரூமை அடைச்சாச்சு. எட்டாவதுக்கும் ரப்பர் வைக்கணும். பொதுக்குழாய் ஒண்ணுதான், எட்டுல அடைக்கலைன்னா தண்ணி பொங்கி நடுச்சுவர் வழியா ஏழுக்கு வந்துடும். சாவி யார்கிட்ட இருக்கு?"

"அதை விட்டுடு தம்பி."

"எப்படி விடறது? ட்யூபுல ஒரு ஓட்டை இருந்தாலும் காத்து நிக்காது."

"ஏழு ரூமையும் நீ வச்சுக்கோ. எட்டைத் திறக்காதே. அமாவாசைக்கு நேர்ல சொல்றேன்." போன் வைக்கப்பட்டுவிட்டது.

கியெம் திரும்பி மூயைப் பார்த்தார். அவள் முள்ளங்கியைப் பார்த்தாள். குக்கர்க்காரன் பரணுக்கு ஏறிவிட்டான். கேட்டால் எல்லாம் சொல்கிற சந்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

எட்டாம் அறை வாசலுக்குப் போனார். வெளியில் அதே பூட்டு, துருப்பிடித்தது. ஊருக்குப் போனவன் பூட்டு. காதைக் கதவில் வைத்தார்.

உள்ளே ஓட்டையில் குமிழியடிக்கும் சத்தம் கேட்டது. அதோடு இன்னொரு சத்தமும். யாரோ மெல்ல, பழக்கப்பட்ட கையால், கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதே கதவைத்தான் நாலு தடவை தாண்டிப் போனார். இந்தத் தடவை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். இரண்டு விரலால் தட்டினார்.

"உள்ள யாரா இருந்தாலும் சரி. நான் தண்ணியை அடைக்க வந்தவன். ரப்பர் கொண்டு வந்திருக்கேன்."

செங்கல் சத்தம் நின்றது. லியென் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், ரொம்ப நாளாக யாரிடமும் பேசாத ஒரு குரல் தொண்டையைச் செருமியது.

"பின்பக்கமா வாங்க. கால்வாய்ப் பக்கத்துக் கதவுக்குப் பூட்டுக் கிடையாது."